கலப்பு எங்கே நிற்கிறதோ, அங்கே குடுவையைத் திறங்கள்

புதுப் பயிர் ரகம் உருவாக்கும் வேலையில் வழக்கமான கலப்போடு திசு வளர்ப்பு போன்ற ஆய்வக முறைகளை எங்கே சேர்ப்பது என்று பார்க்கிறீர்களா? முதலில் ஆய்வகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கலப்பு நோட்டைக் கையில் எடுங்கள். போன மூன்று நான்கு பருவங்களில் வேலை எந்த இடத்தில் நின்றது என்று தேடுங்கள். மகரந்தம் போட்டீர்கள், காய் பிடித்தது, உள்ளே விதை சுருங்கிப் போயிருந்தது என்றால் அது ஒரு சிக்கல். விதை நன்றாகவே வந்தது, ஆனால் பண்புகள் நிலைக்க ஆறேழு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு சிக்கல். நல்ல ரகம் ஒன்று இருக்கிறது, அதில் ஒரே ஒரு எதிர்ப்புத் திறன்தான் குறை, அதைக் கொண்டுவரப் போனால் கூடவே நாலு வேண்டாத குணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் அது மூன்றாவது. தேடுகிற பண்பு கலக்கக்கூடிய எந்தச் செடியிலுமே இல்லை என்பது நான்காவது. நான்குக்கும் கருவிகள் வேறு வேறு. மாற்றி எடுத்தால் வருடக்கணக்கில் உழைப்பு போய்விடும்.

எனக்குப் போயிருக்கிறது. உப்பைத் தாங்கும் செடி வேண்டும் என்று கேலஸை (வேரோ தண்டோ ஆகாத வெறும் செல் திரளை) உப்பு கலந்த ஊடகத்தில், அதாவது சத்துக் கூழில், படிப்படியாகப் பழக்கி, தப்பிப் பிழைத்த செல்களிலிருந்து செடி எடுத்தோம். குடுவையில் பார்க்க அருமையாக இருந்தது. அந்தச் செடிகளின் விதையை உப்பு மண்ணில் போட்டபோது தாய் ரகம் எப்படி வாடியதோ அப்படியே வாடின. செல்கள் உப்புக்குப் பழகிக்கொண்டனவே தவிர மரபணுவில் எதுவும் மாறவில்லை. அதோடு, ஒரு செடி உப்பைத் தாங்குவதில் பெரும்பகுதி வேர் உப்பை உள்ளே விடாமல் தடுப்பதிலும், உள்ளே வந்ததைப் பழைய இலைகளில் ஒதுக்குவதிலும் இருக்கிறது, வேரும் இலையும் இல்லாத கேலஸில் அதைத் தேர்வு செய்ய முடியவே முடியாது. அதே காலத்தைத் தாங்கும் திறன் உள்ள ஒரு பழைய ரகத்தோடு கலப்பு செய்யச் செலவிட்டிருந்தால் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

கை பழகுவதற்கு

ஊடகத்தைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலையை வைத்து உருவாக்கி 1962இல் வெளியிட்ட எம்எஸ் ஊடகம்தான் இன்றும் பெரும்பாலான பயிர்களுக்குத் தொடக்கம். லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், 7 அல்லது 8 கிராம் அகார், பிஎச் 5.7 முதல் 5.8 வரை, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். ஊடகத்தில் சேர்க்கும் செடி ஹார்மோன்களில் ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தண்டு, இரண்டும் ஈடாக இருந்தால் கேலஸ் என்பது பொதுக்கணக்கு. எல்லாப் பயிரிலும் அப்படியே பலிக்காது, ஆனால் எந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம் என்று அது சொல்லிவிடும்.

பொருளைச் சுத்தம் செய்ய 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம், பிறகு ஒரு சதவீத அளவுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள கரைசலில் ஒரு சொட்டு ட்வீன் (கரைசல் நன்றாகப் பரவ உதவும் திரவம்) சேர்த்து 10 நிமிடம், அப்புறம் கிருமி நீக்கிய தண்ணீரில் நாலைந்து தடவை அலசல். இவ்வளவுக்குப் பிறகும் சில குடுவைகளில் மூன்று நான்கு வாரம் கழித்துத் தண்டின் அடியில் பால் மாதிரி ஒரு படலம் தெரியும். அது வெளியிலிருந்து வந்ததல்ல, செடிக்குள்ளேயே இருந்த பாக்டீரியா. ஆன்டிபயாட்டிக் போட்டால் அடங்கும், போகாது. அந்தக் குடுவையைத் தூக்கி எறிவதுதான் நல்லது என்பேன், விலைமதிப்பில்லாத ஒரே செடி என்றால் மட்டும் நுனியிலுள்ள ஆக்குத்திசுவை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே பயிரில் ஒரு ரகம் கேலஸிலிருந்து செடியாக எழும், பக்கத்து ரகம் எழவே எழாது. நெல்லில் ஜப்பானிகா வகைகள் ஒத்துழைக்கிற அளவுக்கு இண்டிகா வகைகள் பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை. ஆகவே கலப்புத் திட்டம் போடுவதற்கு முன்பே உங்கள் பெற்றோர் ரகங்கள் அனைத்தையும் சின்ன அளவில் ஒரு தடவை குடுவையில் போட்டுப் பாருங்கள். எழாத ரகத்தை எழும் ரகத்தோடு கலந்தால் வரும் எஃப்1 செடி, அதாவது முதல் தலைமுறைக் கலப்புச் செடி, பல நேரம் ஓரளவு எழும், அதுவே திட்டத்துக்குப் போதுமானதாகவும் இருக்கும்.

கருவை மீட்பது

ஆய்வக வேலையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய கருவி வேண்டாம், ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கியும் நடுங்காத கையும் போதும்.

தூரத்து உறவான இரண்டு இனங்களைக் கலந்தால் கருவுறுதல் நடக்கிறது, கரு உருவாகிறது, ஆனால் அதற்கு உணவு கொடுக்க வேண்டிய முளைசூழ்தசை பாதியில் சிதைந்துவிடுகிறது. கரு பட்டினியால் சாகிறது. அது சாவதற்கு முன் வெளியே எடுத்து ஊடகத்தில் வைத்தால் பிழைக்கும், அவ்வளவுதான் தத்துவம். லைபாக் என்ற ஜெர்மானியர் 1925இலேயே ஆளி இனங்களின் கலப்பில் இதைச் செய்து காட்டிவிட்டார்.

கஷ்டம் முழுக்க நாள் குறிப்பதில் இருக்கிறது. மகரந்தம் போட்ட ஒவ்வொரு பூவுக்கும் தேதி எழுதிய சீட்டு கட்டுங்கள். முதல் தொகுதியைச் செடி எடுப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காகவே பலி கொடுங்கள்: ஐந்தாம் நாள், எட்டாம் நாள், பதினோராம் நாள், பதினான்காம் நாள் என்று காய்களை அறுத்துக் கரு எந்த நிலையில் இருக்கிறது, முளைசூழ்தசை எப்போது தண்ணீராகக் கலங்க ஆரம்பிக்கிறது என்று எழுதி வையுங்கள். கலங்கத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்புதான் உங்கள் நாள். கரு உருண்டை நிலையில் இருக்கும்போது எடுத்தால் பிழைப்பது அரிது, இதய வடிவத்துக்கு வந்துவிட்டால் நம்பிக்கையோடு எடுக்கலாம். அதற்கு முன்பே செத்துவிடுகிறது என்றால் கருவைத் தனியாகப் பிரிக்காமல் சூலை முழுசாக ஊடகத்தில் வைத்து, கரு கொஞ்சம் வளர்ந்தபின் பிரிக்கலாம்.

காயின் மேல்தோலைச் சுத்தம் செய்தால் போதும், முழுக்காயின் உள்ளே கிருமி பெரும்பாலும் இருக்காது. பிரிக்கும்போது கரு காய்ந்துவிடக் கூடாது, நேராகக் குடுவைக்குப் போக வேண்டும். சின்னக் கருவுக்கு சுக்ரோஸ் அதிகம் வேண்டும், 8 முதல் 12 சதவீதம் வரை போகலாம், ஏனென்றால் சூலுக்குள் அது இருந்த சூழலும் அப்படிக் கெட்டியானதுதான். வளர்ந்த கருவுக்கு 2 அல்லது 3 சதவீதம் போதும். முளைக்கும் வரை இருட்டு, இலை தெரிந்ததும் வெளிச்சம்.

செடி வந்துவிட்டது என்றால் உடனே கொண்டாட வேண்டாம். அது நிஜமாகவே கலப்புச் செடியா என்று பாருங்கள். பூவில் மகரந்தப்பையை நீக்கும்போது ஒன்று தப்பியிருந்தால் தாயின் சொந்த மகரந்தத்தில் உருவான கருவைத்தான் அத்தனை பாடுபட்டு மீட்டிருப்பீர்கள். அப்பாவிடம் மட்டும் இருக்கும் ஒரு மார்க்கரை, அதாவது டிஎன்ஏவில் உள்ள ஓர் அடையாளத்தை, செடியில் தேடினால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நிஜக் கலப்புச் செடி பெரும்பாலும் மலடாக இருக்கும், இரண்டு பக்கக் குரோமோசோம்களும் ஜோடி சேராது. இரண்டு வழி. கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கொண்டு குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம், கோதுமையும் ரை என்ற தானியமும் சேர்ந்த ட்ரிட்டிகேல் அப்படி வந்த பயிர். அல்லது கலப்புச் செடியைத் தாயாக வைத்து நல்ல ரகத்தின் மகரந்தத்தைத் திரும்பத் திரும்பப் போடலாம், இதுதான் பிற்கலப்பு. மகரந்தம் முற்றிலும் மலடாக இருந்தாலும் சூல்களில் ஒன்றிரண்டு வேலை செய்யும். மான்ட்டி ஜோன்ஸ் குழுவினர் 1990களில் ஆசிய நெல்லையும் ஆப்பிரிக்க நெல்லையும் சேர்த்து நெரிக்கா ரகங்களை உருவாக்கியபோது இரண்டாவது வழியில்தான் போனார்கள்: கலப்பு, கரு மீட்பு, ஆசிய நெல்லோடு பிற்கலப்பு, சில வழிகளில் பண்பை நிலைப்படுத்த மகரந்தப்பை வளர்ப்பு. குடுவையும் வயலும் மாறி மாறி வந்த அந்த வேலைக்காகத்தான் அவருக்கு 2004இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஒரே தாவலில் தூய வழி

எஃப்1ஐத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டால் வரும் எஃப்2 தலைமுறையில் ஒரு செடியின் மரபணுக்களில் சராசரியாகப் பாதி நிலைத்திருக்கும் (இரண்டு நகலும் ஒன்றுபோல ஆகியிருக்கும்), எஃப்3இல் 75 சதவீதம், எஃப்6இல் ஏறத்தாழ 97. இந்த நடையை ஒரே தலைமுறையில் முடிக்கும் வழிக்கு 1964இல் கதவு திறந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை ஊடகத்தில் வைத்தபோது உள்ளிருந்த மகரந்தத்துகள்களிலிருந்து நேரடியாகக் கருக்கள் கிளம்பின. அந்தச் செடியில் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்தான் இருக்கும். அதை இரட்டிப்பாக்கினால் எல்லா மரபணுவும் ஜோடி ஜோடியாக ஒன்றுபோல ஆகிவிடும், அதாவது முழுத் தூய வழி. டபுள் ஹேப்லாய்டு என்று சொல்வது இதைத்தான்.

இது மிச்சப்படுத்துவது நாட்களை மட்டுமல்ல. தனித்தனிக் குரோமோசோம்களில் உள்ள மூன்று மரபணுக்கள் நல்ல வடிவில் நிலைத்த செடி வேண்டும் என்று வையுங்கள். எஃப்2இல் அப்படிப்பட்டது 64இல் ஒன்று. டபுள் ஹேப்லாய்டில் 8இல் ஒன்று. ஒன்றாவது கண்ணில் படும் என்று 95 சதவீதம் நம்பிக்கையோடு சொல்ல எஃப்2இல் 191 செடி வளர்க்க வேண்டும், டபுள் ஹேப்லாய்டில் 23 போதும்.

நெல்லில் செய்முறை இப்படி. தொண்டைக்கதிர்ப் பருவத்தில், கண்ணாடி இலையின் கழுத்துக்கும் அதற்கு அடுத்த இலையின் கழுத்துக்கும் இடைவெளி 5 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும்போது கதிரை எடுங்கள். இந்த இடைவெளி ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் ஒரு மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள், துகளில் ஒரே உட்கரு, அதுவும் ஓரமாக ஒதுங்கத் தொடங்கிய நிலைதான் வேண்டும். கதிரை ஈரத்துணியில் சுற்றி 8 முதல் 10 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள், இந்தக் குளிர் அதிர்ச்சிதான் துகளை மகரந்தமாகும் பாதையிலிருந்து கருவாகும் பாதைக்குத் திருப்புகிறது. பிறகு 2,4-டி என்ற ஆக்சின் சேர்த்த, நெல்லுக்கு ஏற்ற என்6 ஊடகத்தில், இருட்டில். கேலஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆனதும் தாமதிக்காமல் செடி எழுப்பும் ஊடகத்துக்கு மாற்றுங்கள், வயதான கேலஸிலிருந்து வெள்ளை வெளேரென்று பச்சையமே இல்லாத செடிகள் அதிகம் வரும், அவற்றைக் காப்பாற்ற எந்த வழியும் இல்லை.

நெல்லில் ஏறத்தாழப் பாதிச் செடிகள் தாமாகவே இரட்டித்துவிடும். மற்றவற்றுக்குக் கோல்ச்சிசின் வேண்டும். அது கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள். ஒன்று, மகரந்தப்பையின் சுவர்த்திசுவிலிருந்தும் செடி வரலாம், அது எஃப்1இன் நகல்தான். பார்க்க டபுள் ஹேப்லாய்டு போலவே செழிப்பாக இருக்கும், குரோமோசோமை எண்ணினாலும் ஏமாற்றும். பெற்றோரிடம் வேறுபடும் நாலைந்து மார்க்கர்களைப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் இருவர் வடிவமும் சேர்ந்து தெரிந்தால் அது சுவரிலிருந்து வந்த செடி. இரண்டாவது நுணுக்கமானது. எஃப்1இலிருந்து எடுக்கும் டபுள் ஹேப்லாய்டில் மரபணுக்கள் கலைந்து சேர ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைத்திருக்கிறது. நல்ல மரபணுவும் கெட்ட மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அந்த ஒட்டு உடையாமலே நிலைத்துவிடும், அப்புறம் மாற்ற முடியாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் எஃப்2 அல்லது எஃப்3 செடிகளில் முதலில் வயலில் ஒரு தேர்வு செய்து, அவற்றின் மகரந்தப்பையை எடுங்கள். ஒன்றிரண்டு பருவம் கூடும், செலவழிக்க வேண்டிய பருவம்தான்.

கோதுமையில் சோள மகரந்தம் போடும் வழி இன்னும் எளிது, மக்காச்சோளத்தைச் சொல்கிறேன். கருவுறுதல் நடந்து, சில செல் பிரிவுகளுக்குள் சோளத்தின் குரோமோசோம்கள் எல்லாம் வெளியேறிவிடும், மிஞ்சுவது கோதுமையின் ஒற்றைத் தொகுதி. மறுநாள் 2,4-டி கொடுத்து, இரண்டு வாரம் கழித்துக் கருவை மீட்க வேண்டும். பயறு வகைகளில் ஒற்றைத் தொகுதி எடுப்பது பெரும்பாலும் தலைவலி, அங்கே விடாப்பிடியாக நிற்காதீர்கள். தினம் 22 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து வேகமாகத் தலைமுறை கடத்தும் முறை 2018இல் விரிவாக வெளியானது, கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை வருகிறது. அதுவே போதும்.

மார்க்கரோடு பிற்கலப்பு

ஒரே ஒரு குணத்தை மட்டும் கொண்டுவர வேண்டிய மூன்றாவது சிக்கலுக்குக் குடுவையே வேண்டாம், டிஎன்ஏ போதும். எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல் வெள்ளத்தில் மூழ்கியும் இரண்டு வாரம் தாங்கும். அந்தக் குணத்தைச் சாதாரணக் கலப்பில் கொண்டுவந்தபோதெல்லாம் விளைச்சலும் தரமும் அடிபட்டன. அந்தத் திறனைக் கட்டுப்படுத்தும் இடம் சப்1 என்று தெரிந்ததும் மார்க்கரை வைத்துச் சொர்ணா ரகத்துக்கு அதை மட்டும் மாற்றினார்கள், 2009இல் சொர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. மற்றபடி ஏறத்தாழ எல்லாவற்றிலும் அது சொர்ணாதான்.

செய்யும்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நாற்று நிலையிலேயே இலைத்துண்டை எடுத்து மரபணு இருக்கிறதா என்று சோதித்தால் பாதிச் செடிகளைப் பூப்பதற்கு முன்பே கழித்துவிடலாம், மகரந்தம் போடும் உழைப்பும் பாதியாகும். அடுத்து, மரபணுவின் இரு பக்கமும் நெருக்கமாக உள்ள மார்க்கர்களில் நல்ல ரகத்தின் வடிவம் திரும்பிவிட்ட செடியைத் தேடுங்கள், ஒட்டிக்கொண்டு வரும் கெட்ட குணம் அந்தப் பக்கத்துத் துண்டில்தான் இருக்கிறது. ஒரே தலைமுறையில் இரு பக்கமும் வெட்டப்பட்ட செடி கிடைப்பது அபூர்வம், ஒரு தலைமுறைக்கு ஒரு பக்கம் என்று போங்கள். கடைசியாக மற்றக் குரோமோசோம்களில் நல்ல ரகத்தின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். சும்மா பிற்கலப்பு செய்தால் சராசரியாக 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். ஒவ்வொரு தலைமுறையிலும் மேலான செடியை மார்க்கரால் பொறுக்கினால் ஆறு தடவை செய்ய வேண்டியது மூன்றில் முடியும்.

மரபணுவை உள்ளே வைப்பதும் திருத்துவதும்

தேடும் பண்பு எந்த உறவிலும் இல்லாதபோதுதான் இது. தொடங்குவதற்கு முன்பே உங்கள் நாட்டின் உயிரியல் பாதுகாப்பு விதிகளைப் படித்து அனுமதி வாங்குங்கள், செடி வந்தபிறகு கேட்டால் அந்தச் செடியை எரிக்க வேண்டி வரலாம்.

இங்கேயும் பழைய கலப்புதான் வேலையை முடித்து வைக்கிறது. ஹவாயில் பப்பாளியை வளையப்புள்ளி வைரஸ் அழித்துக்கொண்டிருந்தபோது அந்த வைரஸின் மேலுறை மரபணுவைச் சன்செட் என்ற சிவப்புச் சதை ரகத்தின் கருத்தன்மை கொண்ட திசுவில் துகள் துப்பாக்கியால் செலுத்தினார்கள். அதிலிருந்து சன்அப் வந்தது. ஆனால் அங்குள்ள விவசாயிகள் வளர்த்தது மஞ்சள் சதையுள்ள கபோஹோ. மறுபடி ஆய்வகத்துக்குப் போகாமல் சன்அப்பையும் கபோஹோவையும் கலந்தார்கள், எஃப்1 மஞ்சள் சதையோடும் எதிர்ப்போடும் வந்தது, 1998இல் ரெயின்போ என்ற பெயரில் வயலுக்குப் போனது. இதைப் பின்பற்றுங்கள்: எந்த ரகம் குடுவையில் எழுகிறதோ அதில் மரபணுவை வையுங்கள், விவசாயிக்கு வேண்டிய ரகத்துக்குக் கலப்பால் கொண்டு போங்கள்.

மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் திருத்தும் கிரிஸ்பர் முறையிலும் அதே பாடம். திருத்தும் கருவியின் மரபணு ஒரே இடத்தில் பதிந்திருந்தால், தன்மகரந்தச் சேர்க்கையில் கால்வாசிச் செடிகள் அது இல்லாமல் வரும். திருத்தம் வேறு குரோமோசோமில் ஒரு நகலில் மட்டும் நடந்திருந்தால், திருத்தம் நிலைத்தும் கருவி நீங்கியும் உள்ள செடி 16இல் ஒன்று. ஐம்பது விதை போட்டால் கிடைத்துவிடும்.

குடுவையிலிருந்து வயலுக்கு

குடுவைச் செடியின் இலையில் மெழுகுப் பூச்சு மெலிந்திருக்கும், இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாதவை. வெளியே எடுத்த அன்றே காற்றில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். வேரிலுள்ள அகாரைச் சுத்தமாகக் கழுவி, ஈரம் தேங்காத கலவையில் நட்டு, மூடி போட்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இந்த வாரங்களில் அவசரப்பட்டு நிறைய பேர் ஒரு வருட வேலையை இழக்கிறார்கள்.

கேலஸ் வழியாக வந்த செடிகளில் எதிர்பாராத மாற்றங்கள் இருக்கும். லார்கினும் ஸ்கௌக்ராஃப்டும் 1981இல் இதற்குச் சோமாகுளோனல் வேறுபாடு என்று பெயர் வைத்தார்கள். எப்போதாவது நல்லது வரும், பெரும்பாலும் குட்டைச் செடியோ மலட்டுச் செடியோ. எண்ணெய்ப் பனையில் திசு வளர்ப்புக் கன்றுகள் நன்றாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பூத்தபோதுதான் காய்கள் திரிந்து எண்ணெய் குறைந்தது தெரிந்தது. டிஎன்ஏ எழுத்துகள் மாறவில்லை, கர்மா என்று பெயரிட்ட ஒரு டிஎன்ஏ துண்டின் மேலிருந்து அதை அடக்கி வைத்த மெத்தில் குறிகள் என்ற வேதிக் குறிகள் போய்விட்டன என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அதனால் ஒரே செடியைப் பெருக்குகிறீர்கள் என்றால் கேலஸைத் தவிர்த்துத் தண்டு நுனியிலிருந்து போங்கள், மறுவளர்ப்பு எத்தனையாவது முறை என்பதை ஒவ்வொரு குடுவையிலும் எழுதுங்கள், ஏழெட்டு முறைக்கு மேல் போகாமல் தாய்ச்செடியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

கடினப்படுத்தி எடுத்த முதல் செடியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊடகத்தின் ஹார்மோன் அதன் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், தூர் அதிகமாக வைக்கும், உயரம் குறையும். அதன் விதையை எடுத்து அடுத்த தலைமுறையில் பாருங்கள், அந்த வயலில் தாய் ரகத்தையும் அதே கலப்பிலிருந்து சாதாரணமாகத் தேர்ந்தெடுத்த வழிகளையும் பக்கத்திலேயே நடுங்கள், குறைந்தது இரண்டு பருவம், முடிந்தால் வெவ்வேறு மண்ணில். கூடவே ஒவ்வொரு வழியிலும் ஒரு கைப்பிடி விதையை விதைக்காமல் குளிரில் எடுத்து வையுங்கள், வயலில் ஏதாவது தவறினால் மறுபடி குடுவையிலிருந்து ஆரம்பிக்காமல் அந்த விதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.